சுவர் பொரிந்தால் வீட்டையே இடிக்க வேண்டுமா?

கேள்வி: மயிலாடுதுறை பக்கத்துக் கிராமத்தில் எங்கள் தாத்தா கட்டிய சுண்ணாம்பு வீடு இருக்கிறது. கீழே மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து கொட்டுகிறது. இரண்டு முறை சிமெண்ட் பூசி வாட்டர்புரூஃப் பெயிண்டும் அடித்தோம், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சுவர் செத்துவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்கிறார் கான்ட்ராக்டர். இடிக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெட்டது பூச்சுதான், சுவர் இல்லை.

டெல்டாவில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை, ஐப்பசி கார்த்திகையில் அஸ்திவாரம் வரைக்கும் வந்துவிடும். செங்கல் அதை மேலே உறிஞ்சும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவரும் கோடையில் காய்ந்துவிடும். சிமெண்ட் அப்படி விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் உப்பைக் கக்கும். அதனால்தான் மூன்றடிக்குப் பூசினால் நான்கடியில் பொரிகிறது. அதை மறைக்க டைல்ஸ் ஒட்டினால் இன்னும் மேலே ஏறும். கட்டடக்கலை மாணவர்களோடு கும்பகோணம், திருவையாறு பக்கம் பழைய வீடுகளை அளந்து வரையும்போது, சிமெண்ட் படாத பின்கட்டுச் சுவர் நன்றாக இருப்பதையும், செலவு செய்து பூசிய முன்கட்டு உதிர்வதையும் ஒரே வீட்டில் பார்க்கிறோம்.

அடுத்து, வாசலில் போய் நின்று தெரு மட்டத்தைப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று தெருவுக்குக் கீழே கிடக்கின்றன. சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். எத்தனை ஊரில் நடக்கிறது? கேட்டால் எஸ்டிமேட்டில் இல்லை என்கிறார்கள். மழைத் தண்ணீர் உங்கள் சுவரடியில் நின்றால் எந்தப் பூச்சும் நிற்காது, முதலில் அதற்கு ஒரு வடிகால் எடுங்கள்.

கான்ட்ராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். இடிக்கச் சொல்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மரம் யாருக்கு? தேக்குத் தூண், நிலை, கதவு, உத்திரம் எல்லாம் பழைய மரம் வாங்குகிறவர்களிடம் நல்ல விலைக்குப் போகும். “இடிப்புக் கூலிக்கு மரத்தைக் கழித்துக்கொள்கிறேன்” என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள், அந்தக் கணக்கில் வீட்டுக்காரர் தோற்றுத்தான் போவார். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கித் தருகிறோம் என்று வருகிறவர்களையும் சுண்ணாம்புச் சுவர் பக்கம் விடாதீர்கள். ஆர்க்கிடெக்ட் என்று கார்டு நீட்டினால் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள். 1972-ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு இல்லாதவர் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ளக் கூடாது. அதற்காகப் பதிவு இருக்கிறவருக்கெல்லாம் சுண்ணாம்பு தெரியும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஐந்து வருடப் படிப்பில் அதற்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, ஆனாலும் மதிப்பீடு போடுகிறவர்கள் சிமெண்டைத் தவிர வேறு எதையும் எழுத மாட்டேன் என்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்தே போய்விட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் வேண்டாம். மட்டப்பா வீடாக, அதாவது மர உத்திரத்தின் மேல் தட்டையாகத் தளம் போட்ட வீடாக இருந்தால் உத்திரத்தின் முனை சுவருக்குள் இருக்கும், ஈரம் அதுவரை ஏறியிருந்தால் மரம் உள்ளேயே மக்கும், கரையானும் வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏணி போட்டு ஏறி, மரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். டக்கென்று நின்றால் மரம் திடமாக இருக்கிறது. புட்டில் குச்சி இறங்குவது போல இறங்கினால் அன்றைக்கே அந்த அறையைக் காலி செய்து, முட்டுக் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து வாருங்கள். ஒவ்வொரு உத்திரத்துக்கும் இரண்டு முனையையும் பாருங்கள், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் நன்றாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அப்போதும் மாற்ற வேண்டியது அந்த உத்திரத்தைத்தான், வீட்டை இல்லை.

சரி, இனி வேலை. தை பிறந்ததும் சிமெண்டைச் செங்கல் தெரியும்வரை, செங்கல் உடையாமல் கொத்தி எடுங்கள். கோடை முழுக்கச் சுவர் வெறுமனே கிடக்கட்டும். பூக்கிற உப்பை அவ்வப்போது காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். ஆடி ஆவணியில் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூசுங்கள். “பிடிப்புக்குக் கொஞ்சம் சிமெண்ட்” என்று கொத்தனார் கேட்பார், கொடுக்காதீர்கள். கலவைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் வேறு தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஈரச் சாக்கு கட்டி மெதுவாகக் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் வெள்ளையடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்.