சோளிங்கர் குரங்குகளில் யாருக்கு யார் நெருக்கம்?

கேள்வி: வேலூரில் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். புராஜெக்டுக்காகச் சோளிங்கர் மலைப்படிக் குரங்குகளை ஆறு வாரம் கவனிக்கப் போகிறேன். கையில் நோட்டும் போனும்தான். எது தலைமை, எது எதற்குச் சொந்தம் என்று எப்படிக் குறிப்பது?

பதில்: சொந்தத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஆறு வாரத்தில் பால்குடிக் குட்டிக்குத் தாய் எது என்று தெரியும், அவ்வளவுதான். தகப்பனைச் சொல்ல மரபணுச் சோதனை வேண்டும். அக்கா தங்கையைச் சொல்லப் பல வருடப் பிறப்புக் கணக்கு வேண்டும். எது எதோடு நெருக்கம், எது எதற்கு வழிவிடுகிறது என்பதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

அங்கே இருப்பவை தலையில் குல்லாய் போல் முடி படிந்த நாட்டுக் குரங்குகள். மந்திகள், அதாவது பெண் குரங்குகள், பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண்களான கடுவன்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் வெளியேறும். மந்திகளின் வரிசை அத்தனை சீக்கிரம் மாறாது என்பதால், ஒரே கூட்டத்தில் 12 மந்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஐந்து நாள் என்றால் 30 நாள். முதல் 10 நாள் ஆள் அடையாளம் பிடிக்க மட்டும். காதுக் கிழிசல், வால் வளைவு, உதட்டுத் தழும்பு, முலைக்காம்பின் நீளம் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று அடையாளம் படத்தோடு எழுதுங்கள். ஒரே அடையாளத்தை நம்பினால் மழையில் நனைந்த அன்றே ஆள் மாறிப்போகும்.

மீதி 20 நாள், தினமும் ஒவ்வொரு மந்தியையும் 10 நிமிடம். யாரை முதலில் பார்ப்பது என்று காலையில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். இது ஏதோ சடங்கு என்று நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டதை எழுதினால் நோட்டு முழுக்கச் சண்டையும் பெரிய கடுவனும்தான் இருக்கும். ஓரமாக உட்கார்ந்த மந்தி விட்டுப்போகும். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-லேயே இதை விளக்கிவிட்டார்.

10 நிமிடத்தில் எழுத வேண்டியவை: யார் யாருக்குப் பேன் பார்த்தது, எத்தனை நொடி, கையெட்டும் தூரத்தில் யார். பேன் பார்த்ததற்கும் பார்க்கப்பட்டதற்கும் தனித்தனிக் கட்டம். ஒரு ஜோடி மொத்தம் 12 நிமிடம் பேன் பார்த்திருந்தால், இரண்டையும் கவனித்த 200 + 200 நிமிடத்தால் வகுங்கள், 0.03 வரும். அதுதான் அந்த ஜோடியின் நெருக்க அளவு. மற்ற நேரத்தில் கண்டதை வேறு பக்கத்தில் எழுதுங்கள், இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தலைமைக்குச் சண்டையை எண்ணாதீர்கள். ஒன்று நெருங்கி வந்ததும் மற்றது சத்தமின்றி எழுந்து போகிறதா, அதுதான் சான்று. பல்லைக் காட்டி இளிப்பதைச் சிரிப்பு என்றோ மிரட்டல் என்றோ எழுதிவிடுவார்கள். அது பெரும்பாலும் பணிவு. யாத்திரிகர் தேங்காய் எறிந்த நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். தீனிக்கு முன்னால் நடப்பது வேறு, நிழலில் நடப்பது வேறு.

வனத்துறையிடமும் கோயில் நிர்வாகத்திடமும் முன்பே எழுதிக் கேளுங்கள். 7 மீட்டருக்குள் போகாதீர்கள், பையில் தீனி வேண்டாம், கண்ணுக்குக் கண் முறைக்க வேண்டாம். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள்.