ஜப்பானியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மாட்டிறைச்சியைத் தவிர்த்தது ஏன்?

பௌத்தம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதிப் பதில்தான்.

6ஆம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்சே அரசு வழியாகப் பௌத்தம் ஜப்பானை அடைந்தது. 675இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை விதித்தார். கவனியுங்கள்: மக்கள் வழக்கமாக வேட்டையாடித் தின்ற மானும் காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில் இல்லை! தடையும் ஆண்டு முழுவதற்கும் அல்ல. நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரைதான். அது நெல் விளையும் பருவம். ஆகவே, கொல்லாமையோடு உழவு மாட்டைக் காக்கும் எண்ணமும் அதில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரத்தத்தையும் மரணத்தையும் தீட்டாகக் கருதும், ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷிந்தோ மரபு இதற்கு மேலும் வலுவூட்டியது.

தடை இருந்தால் குறுக்குவழியும் இருக்குமே. எடோ காலத்தில் (1603–1868) ஹிகோனே சிற்றரசு, மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் ஊறவைத்த மாட்டிறைச்சியை 'மருந்து' என்ற பெயரில், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கே அனுப்பிவந்தது.

1868இல் தொடங்கிய மெய்ஜி பேரரசர் காலத்து ஆட்சியில் காற்று மேற்கிலிருந்து வீசியது. மேலைநாட்டினரைப் போல உடல்வலு பெற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1872இல் பேரரசரே மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியானது. அதன்பின் நகரங்களில் மாட்டிறைச்சிக் கடைகள் பெருகின.