கேரம் பவுடருக்கு ஏன் 6 எலக்ட்ரான்?

கேள்வி: சார், நான் வியாசர்பாடியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஒவ்வொரு அணுவும் வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான் வைத்துக்கொள்ளும் என்று போன வருஷம்வரை படித்தோம். இப்போது போரானுக்கு 6, பாஸ்பரசுக்கு 10, கந்தகத்துக்கு 12 என்கிறார்கள். தேர்வில் போரானுக்கு 8 வருகிற மாதிரி படம் போட்டேன், அடித்துவிட்டார்கள். இத்தனை விதிவிலக்கு இருந்தால் அது எதற்கு விதி?

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் போரானை மனப்பாடம் பண்ண வேண்டாம், உங்கள் தெருவில் கேரம் ஆடுகிறார்களே, அந்தப் பலகையைப் போய்ப் பாருங்கள். போர்டில் தூவுகிற பவுடர் டப்பாவில் போரிக் என்று போட்டிருந்தால் அது போரிக் அமிலம். நடுவில் ஒரு போரான், அதைச் சுற்றி மூன்று ஆக்சிஜன், ஒவ்வொரு ஆக்சிஜனிலும் ஒரு ஹைட்ரஜன். போரானிடம் வெளிக்கூட்டில் சொந்தமாக இருப்பதே 3 எலக்ட்ரான்தான், பிணைப்புக்கு 2 வீதம் மூன்று பிணைப்பு போட்டால் 6 ஆகிறது, அதற்குமேல் போட அதன் கையில் எதுவும் இல்லை.

இந்த 6-தான் விஷயமே. போரானிடம் தனி இணை எலக்ட்ரான், அதாவது பிணைப்பில் சேராத ஜோடி, கிடையாது என்பதால் மூன்று பிணைப்பும் 120 டிகிரியில் விலகி நின்று மூலக்கூறு அப்பளம் மாதிரி தட்டையாக இருக்கும் (அம்மோனியாவில் நைட்ரஜனுக்கு ஒரு தனி இணை இருக்கிறது, அதனால் அது கூம்பாகிவிடுகிறது). தட்டையான மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துத் தாள் தாளாக அடுக்கும், தாளுக்கும் தாளுக்கும் நடுவில் பிடிமானம் ரொம்பக் குறைவு, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். ஸ்ட்ரைக்கர் சர்ரென்று ஓடுவது அதனால்தான். போரானுக்கு ஒரு தனி இணை இருந்து 8 நிறைந்திருந்தால் இந்தத் தட்டை வடிவம் வந்திருக்காது.

அதே போரிக் அமிலத்தைத் தண்ணீரில் போட்டால், குறைகிற 2 எலக்ட்ரானைத் தண்ணீரின் ஹைட்ராக்சைடிடமிருந்து வாங்கிக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடுகிறது. அது அமிலமாக நடந்துகொள்ளும் வழியே அந்தக் காலியிடம்தான். (ஆடி முடித்ததும் கை கழுவுங்கள், சின்னக் குழந்தை வாயில் வைத்துவிடாமல் டப்பாவை மேலே வையுங்கள். வயிற்றுக்குள் போனால் அது நஞ்சு.)

விதி எதற்கு என்று கேட்டீர்கள். 1916-ல் இதை எழுதிய அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸே, 8-ஐவிட 2, அதாவது எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதுதான் அடிப்படை என்று பின்னால் சொன்னார். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் நான்குக்கும் எட்டு அருமையாகப் பொருந்துகிறது, நம் உடம்பும் சோறும் பெட்ரோலும் பெரும்பாலும் இவற்றோடு ஹைட்ரஜன் சேர்ந்ததுதான், அதனால்தான் முதலில் இதைச் சொல்லித்தருகிறார்கள். அது தப்பில்லை. எங்கே செல்லாது என்பதையும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பாஸ்பரஸ் ஐந்து குளோரினைப் பிடிக்கிறது, அதே தொகுதியில் மேலே இருக்கிற நைட்ரஜனால் ஏன் முடியவில்லை? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: நைட்ரஜன் சின்ன அணு, ஐந்து குளோரின் சுற்றி நிற்க இடம் இல்லை. பாஸ்பரஸ் மூன்றாம் வரிசை, உருவம் பெரிசு. டி ஆர்பிட்டால் (எலக்ட்ரான் தங்குகிற ஒருவகை இடம்) காலியாக இருப்பதால் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், தேர்வில் அதையே எழுதுங்கள். ஆனால் பின்னால் வந்த கணக்கீடுகளில் டி ஆர்பிட்டாலின் பங்கு ரொம்பக் குறைவு என்றுதான் வருகிறது. கந்தகம் ஆறு ஃபுளூரினோடு சேரும்போது 12 எலக்ட்ரான் என்று எண்ணினாலும், ஃபுளூரின் பெரும்பகுதியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது, கந்தகத்திடம் உண்மையில் அவ்வளவு இல்லை.

கேள்வி: நைட்ரிக் ஆக்சைடில் 11 எலக்ட்ரான் என்கிறார்களே, எப்படி ஜோடி சேரும்? (எண்ணூர் வாசகர்)

பதில்: சேராது. வெளிக்கூட்டில் நைட்ரஜனின் 5, ஆக்சிஜனின் 6, கூட்டினால் ஒற்றைப்படை, எப்படிப் படம் போட்டாலும் ஒன்று தனியாக நிற்கும். இந்த வாயு உங்களுக்குப் பழக்கமானதுதான். துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கிற லாரி எஞ்சினின் சூட்டில், காற்றில் இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தே இது உண்டாகிறது. வெளியே வந்ததும் இன்னொரு ஆக்சிஜனைப் பிடித்து நைட்ரஜன் டை ஆக்சைடு, அந்தப் பழுப்பு வாயு. அதிலும் ஒரு எலக்ட்ரான் தனிதான். நன்றாகக் குளிரவைத்தால் இரண்டு மூலக்கூறு ஒட்டி, தனி எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, பழுப்பே போய்விடும். நம் ஊர் வெயிலில் அதற்கு எங்கே வழி, வெயில் அதை உடைத்து, பிரிகிற ஆக்சிஜனை ஓசோனாக்கி இருமலாக நமக்கே திருப்பித் தருகிறது.