வாங்கும் முன் கேளுங்கள்: மினுங்கிய ஐ7 ஸ்டிக்கர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெப்சைட் செய்யப் பழகும் பிள்ளைகளுடையவை. வகுப்பில் "வேர்ச்சுவல் மெஷின் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். லப்டொப்புக்குள் இன்னொரு கணினியை மென்பொருளால் உருவாக்கி, அதில் லினக்ஸை (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) ஓடவிடுவதுதான் அது. அதற்கு எந்த லப்டொப்பை வாங்குவது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை போலும்.

மகனுக்கு 8 ஜிபி ரேம் போதுமா? 16 என்றால் கடையில் கூடக் கேட்கிறார்கள்.
— தந்தை, கொக்குவில்

8 இல் ஓடும், முனகிக்கொண்டு ஓடும். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே மூன்று, நான்கு ஜிபியை எடுத்துக்கொள்ளும். வேர்ச்சுவல் மெஷினில் போடும் உபுண்டு சேர்வருக்கு (லினக்ஸில் ஒரு வகை) 2 ஜிபி கொடுத்தால் பழகுவதற்குத் தாராளம். மிச்சத்தைக் குரோம் தின்றுவிடும். காசு இறுக்கம் என்றால் 8 ஐயே வாங்குங்கள், ஆனால் பிறகு ரேம் கூட்டக்கூடிய மாடலாகப் பாருங்கள். சில மெல்லிய லப்டொப்புகளில் ரேமைப் போர்டோடு ஒட்டியே விடுகிறார்கள். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். சேமிப்புக்கு எஸ்எஸ்டி. பழைய சுழலும் ஹாட் டிஸ்க்கை மலிவென்று தந்தாலும் வாங்க வேண்டாம்.

"ஐ7, புரோகிராமிங்குக்குத் திறம்" என்று சொல்லிப் பாவித்த லப்டொப் ஒன்றைத் தந்தார்கள். உள்ளே ஐ7-7500யூ. வேர்ச்சுவல் மெஷினைத் திறந்தால் மௌஸ்கூட நகரவில்லை. தோழியின் ஐ5 நன்றாக ஓடுகிறது. நான் ஏமாந்துவிட்டேனா?
— மாணவி, மானிப்பாய்

ஓம் பிள்ளை, ஏமாற்றிவிட்டார்கள். உங்களில் பிழையில்லை.

இந்த ஐ7 கதையைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள். நீங்களாவது கேளுங்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் இன்டெல்லின் ஒரே வருடத்துச் சிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் உதவும். உங்கள் ஐ7-7500யூ 2016 இல் வந்தது. பெயர் பெரிது, உள்ளே கோர், அதாவது வேலை செய்யும் மூளை, இரண்டுதான். அடுத்த வருடம் வந்த ஐ5-8250யூ இல் நான்கு கோர். வேர்ச்சுவல் மெஷினுக்கு இரண்டு கோரை எழுதிக்கொடுத்தால் விண்டோஸ் எதில் ஓடுவது? அதோடு, விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல் ஓரிரு விதிவிலக்குத் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆகவே ஐ7 என்ற எழுத்தை விட்டுவிட்டு, கோடுக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 7500 இல் முதல் வரும் 7 ஏழாம் தலைமுறை, 8250 இல் முதல் வரும் 8 எட்டாம் தலைமுறை. கடையில் நின்றபடியே டாஸ்க் மனேஜரைத் திறந்தால் கோர் எத்தனை என்பது தெரியும். பத்து விநாடி வேலை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? 2021 இல் நானும் இதே ஐ7-7500யூ ஐத்தான் வாங்கினேன். பெட்டி பழையது, விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது, ஸ்டிக்கர் மட்டும் புத்தம் புதிதாக மினுங்கியது. அது எப்படி என்று அப்போது மூளையில் ஓடவில்லை. இன்றைக்கு அது எங்கள் வீட்டில் காலையில் தேவாரம் போடும் பெட்டி.

இப்போதைக்கு வேர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு கோர் மட்டும் கொடுத்து, ஐகன், ஜன்னல் ஒன்றுமில்லாமல் எழுத்துக் கட்டளையில் மட்டும் ஓடும் உபுண்டு சேர்வரைப் போடுங்கள், சமாளிக்கலாம். பில் இருந்தால் அதோடு கடைக்குப் போய்ப் பேசுங்கள். மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். பில் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது.

வேர்ச்சுவல் மெஷின் உருவாக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளில் "வீடீ-எக்ஸ் இயங்கவில்லை" என்று வருகிறது. திருத்தும் கடையில் மதர்போர்ட் மாற்ற 38,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— சாவகச்சேரி வாசகர்

ஒரு சதமும் கொடுக்காதீர்கள்! வீடீ-எக்ஸ் என்பது வேர்ச்சுவல் மெஷினுக்காகச் சிப்பிலேயே இருக்கும் வசதி. பயோஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு) அதன் சுவிட்ச் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். கணினியைத் தொடக்கும்போது எஃப்2 அல்லது எஃப்10 (கொம்பனிக்குக் கொம்பனி மாறும்) அழுத்தி உள்ளே போங்கள். இன்டெல் என்றால் "வேர்ச்சுவலைசேஷன் டெக்னோலஜி", ஏஎம்டி என்றால் "எஸ்விஎம்". அதை இயக்கிச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். அதைச் சொல்லாமல் போர்டை மாற்றச் சொன்னவரிடம் இனிச் சார்ஜரைக்கூடத் திருத்தக் கொடுக்க வேண்டாம்.

கனடாவிலிருந்து அண்ணா எம்2 மக்புக் அனுப்பினார். வகுப்பில் தந்த வேர்ச்சுவல் மெஷின் கோப்பு திறக்கவில்லை. மக்புக் பழுதா?
— மாணவன், நல்லூர்

பழுதில்லை. தம்பி, அண்ணாவிடம் கேட்பதற்கு முதல் வகுப்பில் கேட்டிருக்கலாமே? அந்தக் கோப்பு இன்டெல், ஏஎம்டி வகைச் சிப்புக்குச் செய்தது, உங்களுடையது ஆர்ம் வகை. யூடிஎம் என்ற மென்பொருளில் உபுண்டுவின் ஆர்ம் பதிப்பைப் போட்டு, வகுப்பில் செய்ததை நீங்களே மறுபடி அமையுங்கள். யூடிஎம் அதன் சொந்தத் தளத்தில் இலவசம், அப்பிளின் அப் ஸ்டோரில் அதற்கே காசு. அங்கேயும் அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள்.

வேர்ச்சுவல் மெஷினுக்கு மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வீ வேண்டுமென்பதால் விண்டோஸ் ஹோமை விட்டு புரோ வாங்க வேண்டுமா?
— சுன்னாகம்

வேண்டாம். வேர்ச்சுவல்பொக்ஸ் ஹோமிலேயே ஓடும்.

வேர்ச்சுவல்பொக்ஸும் உபுண்டுவும் போட்டுத் தந்து, "லைசென்ஸ் காசு" என்று 6,500 வாங்கினார்கள். பில்லும் தரவில்லை.
— பருத்தித்துறை

இரண்டுமே இலவசம். போட்டுத்தந்த கூலி என்று கேட்டிருந்தால் நியாயம், லைசென்ஸ் என்றது சுத்தப் பொய். பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் "லைசென்ஸ்" என்று எழுதச் சொல்லுங்கள், எழுதமாட்டார்கள்.

விண்டோஸிலேயே வெப் சேர்வரை ஓடவிடும் எக்ஸ்ஏஎம்பிபி இருக்கும்போது வேர்ச்சுவல் மெஷின் எதற்கு?
— திருநெல்வேலி

பழகும் முதல் மாதத்துக்கு எக்ஸ்ஏஎம்பிபி போதும். வாடிக்கையாளருக்குச் செய்யத் தொடங்கும்போது போதாது. படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறி இருந்தாலும் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சேர்வருக்கு அவை இரண்டும் வேறு வேறு கோப்பு. உங்கள் வீட்டில் தெரிந்த படம் வாடிக்கையாளரின் தளத்தில் தெரியாது. வீட்டிலேயே லினக்ஸில் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

வேர்ச்சுவல் மெஷினின் அன்றைய நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னப்ஷொட் எடுத்து வைக்கிறேன். வெளி டிஸ்க் வாங்கத்தான் வேண்டுமா? 2 டெராபைட் பென் டிரைவ் ஒன்று மிக மலிவாக வந்தது, அதையும் வாங்கிவிட்டேன்.
— கோப்பாய்

ஸ்னப்ஷொட் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். டிஸ்க் செத்தால் அதுவும் சாகும். வெளி டிஸ்க்கை வாங்குங்கள். அந்தப் பென் டிரைவை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்துப் பாருங்கள். நான் வாங்கியது 512 ஜிபி என்றது. உள்ளே 16 கூட இருக்கவில்லை.