ஆஷ்வில்லுக்குப் போகலாமா என்று கேட்ட குன்னூர் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆஷ்வில் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா. மனைவியும் கைக்குழந்தையும் கூட வருகிறார்கள். ஹெலீன் புயல் வீடியோக்களைப் பார்த்த அம்மா, "அந்த ஊருக்கா போகப்போறே?" என்று ஒரே பிடிவாதம். அப்படியே போனாலும் கொலு பொம்மைகளும் பழைய ஆல்பங்களும் உங்களோடு வரட்டும் என்கிறார். போகலாமா, எதை எடுத்துப் போவது, பின்னால் வீடு வாங்கலாமா. இவ்வளவுதானே?

போகலாம். நான் அந்த ஊருக்குக் கிழக்கே, ஸ்வானனோவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடியிருப்பவள். ஹெலீனின்போது அங்கேதான் இருந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது விடுமுறைக்குக் கோத்தகிரியில் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவர் பயப்படுவதில் பாதி நியாயம்.

ஹெலீன் 2024 செப்டம்பர் 26 இரவு புளோரிடாவில் கரையேறியது. நான்காம் வகைப் புயல், காற்று மணிக்கு 225 கிலோமீட்டர். எங்கள் ஊர் அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது அதற்குச் சூறாவளி என்ற தகுதிகூட மிச்சமில்லை. வகை என்று டிவியில் சொல்வது காற்றின் வேகத்தை மட்டும்தான், மழையை அல்ல. எங்களை அடித்தது மழை. புயல் வருவதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தது. அப்புறம் புயலின் ஈரக்காற்று எங்கள் பக்கத்து புளூ ரிட்ஜ் மலைச்சரிவில் மோதி மேலே ஏறி அங்கேயே கொட்டியது. பியூசிக் என்ற இடத்தில் அந்தச் சில நாட்களில் 780 மில்லிமீட்டர். ஃபிரெஞ்ச் பிராட், ஸ்வானனோவா இரண்டு ஆறுகளும் 1916-ல் வந்த பெருவெள்ளத்தின் அளவைத் தாண்டிவிட்டன. மலைச்சரிவுகள் பெயர்ந்தன. டென்னசி பக்கம் போகும் ஐ-40 நெடுஞ்சாலையில் பாதியை ஆறு அரித்துக்கொண்டு போனது. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

நீலகிரிக்காரருக்கு இதில் எது புதிது? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்ததே. 1993-ல் மரப்பாலத்தில் மண் சரிந்து வண்டிகளோடு ஆட்களையும் இழுத்துப் போனதை உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார். (ஒரு பெருமைக்குச் சொல்கிறேன்: அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஆக உயர்ந்த மவுன்ட் மிட்செல் 2037 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா 2637.) வெட்டிய மண்சுவருக்குக் கீழேயும் ஓடை வாயிலும் வீடு கட்டாதே என்று இங்கே பாட்டிமார் சொன்னதை அங்கே வீடு பார்க்கும்போது மறக்காதீர்கள். பின்கட்டில் சலசலவென்று ஓடை ஓடுகிறது என்பதற்காகவே அங்கே விலை கூட்டிச் சொல்வார்கள். புரோக்கர் சிரித்துக்கொண்டே காட்டுவார். நீங்கள் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று பாருங்கள். அரசு வெளியிடும் வெள்ள அபாய வரைபடத்தையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அதில் அபாயம் என்று குறிக்காத இடங்களிலும் தண்ணீர் புகுந்தது.

இனி உங்கள் அம்மாவின் ஆல்பங்கள்.

அங்கே வீடுகளில் பேஸ்மென்ட்தான் பரண். நம் பரண் தலைக்கு மேலே, அவர்களுடையது காலுக்குக் கீழே. கிறிஸ்துமஸ் மரம், பழைய சூட்கேஸ், குழந்தையின் தொட்டில் எல்லாம் அங்கேதான் போகும், எல்லோர் வீட்டிலும். எங்கள் வீட்டில் அந்த வருடம் நவராத்திரி அக்டோபர் 3-ல் தொடங்கியதால் கொலு பெட்டிகளை முன்கூட்டியே ஹாலுக்கு ஏற்றியிருந்தோம். பொம்மைகள் பிழைத்தன. ஆல்பங்கள் கீழே இருந்தன.

தண்ணீர் வடிந்தபின் பேஸ்மென்டில் முழங்கால் அளவுக்குச் சேறு, டீசல் வாடை. எண்பதுகளில் வாங்கிய ஆல்பங்கள்தான் மோசம், பசைத்தாளில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடுவார்களே, அவை. கோடநாடு காட்சிமுனையில் நாங்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி ஸ்வெட்டரில் நிற்கும் படத்தில் ஸ்வெட்டரின் சிவப்பு வானத்துக்குள் ஒழுகிக் கலந்திருந்தது. சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பும் முன் கண்டி ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கருப்பு வெள்ளைப் படம், நாலு மூலையில் காகித முக்கோணம் செருகி வைத்தது, கழுவியதும் அப்படியே வந்தது. கழுவுவது என்றால் தேய்ப்பது அல்ல. குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, முகம் மேலே இருக்கும்படி தனித்தனியாகக் காய வைக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போனதைப் பிய்க்கக் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் முடியாவிட்டால் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கெடாமல் நிற்கும்.

சரி, சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? குழாயில் சொட்டு இல்லை. ஃப்ரீசருக்கு மின்சாரம் இல்லை. தெற்கே போகும் ஐ-26 நெடுஞ்சாலை திறந்ததும் சார்லட் நகரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் வந்து, ஆல்பங்களை மெழுகுத்தாளில் சுற்றி எடுத்துப் போய்த் தங்கள் ஃப்ரீசரில் வைத்தது. அவர்கள் தோசைமாவையும் மீனையும் யாருக்குக் கொடுத்து இடம் பண்ணினார்களோ தெரியாது. பிழைத்த படங்கள் எல்லாம் அவர்கள் புண்ணியம்.

குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வர நவம்பர் 18 ஆகிவிட்டது. நடுவில் வந்தது கலங்கல். அக்டோபர் 31 தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலைக் கலங்கல் தண்ணீரில்தான் முடித்தோம், சீயக்காய் எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. என் மகள் சிரித்துவிட்டாள். புயலுக்குப்பின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பணம் பற்றிக் கறாராகச் சொல்கிறேன். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லும். புயல் வருகிறது என்று டிவியில் பார்த்துவிட்டு எடுத்தால் பலன் இல்லை. அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர் வரைதான். பேஸ்மென்டில் வைத்த பொருளில் பெரும்பாலானதற்குக் கிடைக்காது. வாடகைக்கு இருப்பவரும் பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். நீங்கள் போனவுடன் செய்ய வேண்டியது அதுதான். நிலச்சரிவு இரண்டிலுமே அடங்காது. என் காப்பீட்டுக்காரர் அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டு என் கணவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று, உங்களுக்கு முக்கியம். பேரிடர் நிவாரணம் தரும் ஃபெமாவின் பண உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கும்தான். எச்-1பி-யில் இருப்பவருக்குக் கிடையாது. குழந்தை அங்கே பிறந்திருந்தால் அதன் பெயரில் குடும்பம் விண்ணப்பிக்கலாம். உங்கள் குழந்தை குன்னூரில் பிறந்தது என்பதால் அந்த வழியும் இல்லை. முகாம், சாப்பாடு, தண்ணீர், மருத்துவத்துக்கு விசா யாரும் கேட்பதில்லை, தயங்காமல் போகலாம். ஆக, கையில் ரொக்கமும் சில மாதச் செலவுக்கான சேமிப்பும் உங்களுக்கு அங்கே பிறந்தவனைவிட அதிகம் வேண்டும். ஐ-797 என்ற விசா ஒப்புதல் கடிதம், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஸ்கேன் எடுத்து அம்மாவிடம் ஒரு பென்டிரைவ் இருக்கட்டும்.

அம்மாவுக்கு உண்மையில் வேண்டியது போன். 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எங்கும் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தபோது, நான் அங்கிருந்து அண்ணனுக்குப் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் அழுதேன். ஹெலீனின்போது டவர் எல்லாம் போய், அண்ணன் இங்கே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: சார்லட் குடும்பம்தான் நடுவில். எங்களிடமிருந்து ஒரு வரி எஸ்எம்எஸ் அவர்களுக்குப் போகும், அவர்கள் கோத்தகிரிக்குப் பேசுவார்கள். பேச்சு போகாத நேரத்தில் எஸ்எம்எஸ் சில சமயம் நழுவிப் போய்விடும்.

ஆல்பங்களைக் குன்னூரிலேயே விட்டுவிடுங்கள். ஸ்கேன் எடுத்து ஒரு பிரதி உங்களோடு, ஒன்று தங்கை வீட்டில் என்று பிரித்து வையுங்கள். பொம்மைகளில் உங்கள் மனைவிக்குப் பிடித்த ஒரு படிக்கு உள்ளதை மட்டும் எடுத்துப் போகலாம், மேல்மாடி அலமாரியில் வைக்க. அம்மாவை ஏப்ரலில் அழைத்துப் போங்கள். அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

அம்மா நேரில் கேட்டால்தான் நம்புவார் என்றால் அழைத்து வாருங்கள். மாதக் கடைசி வரை டானிங்டன் பக்கம் அண்ணன் வீட்டில்தான் இருப்பேன். காலையில் வேண்டாம், அண்ணி தேயிலை பறிக்க ஆள் விட்டிருக்கிறார், வீடே களேபரம். மூன்று மணிக்கு மேல் வாருங்கள்.