எஸ்பிளனேட்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நினைவுச்சின்னம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கிட்டு நம்ம சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போயிருந்தேன். தொடக்கநிலை நாலு படிக்கிறா. லிம் போ செங் நினைவுச்சின்னத்தைப் பார்த்து இவர் யாருன்னு கேட்டா, ஜப்பான்காரனை எதிர்த்து உயிரை விட்டவர்னு சொன்னேன். கொஞ்சம் தள்ளி ஐஎன்ஏ, அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்தோட நினைவுக்கல். இவங்க யாருன்னா, ஜப்பான்காரனோட சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்தவங்கன்னேன். "அப்போ யாருப்பா ஹீரோ?"ன்னு கேட்டுட்டா. ஊர்ல எங்க தாத்தா வீட்டுல நேதாஜி படம் சாமி படங்களோட மாட்டியிருக்கும், எனக்கு இதுவரை சந்தேகமே வந்ததில்ல. அரசியல் பண்ணிட்டு இருந்த மனுசங்க சண்டைக் காலத்துல எப்படி இவ்ளோ பெரிய வீரரா ஆகிடுறாங்க?

ஈசூன் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பா கேட்டது நல்ல கேள்வி, எனக்கே ரொம்ப நாளா உறுத்திட்டு இருக்கற கேள்விதான்.

எங்க பாட்டி ஜொகூர் பக்கம் எஸ்டேட்ல பால்மரம் வெட்டுனவங்க. லயத்து வீடு, விடிகாலை ஆள் கணக்கெடுக்கற பெரட்டு, கங்காணி போடுற சத்தம், தொரை வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும், இதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச உலகம். நேதாஜி கூட்டத்தைப் பத்திச் சொல்லும்போது அவர் பேசுனது ஹிந்துஸ்தானி, ஒரு வார்த்தை புரியலன்னுதான் ஆரம்பிப்பாங்க, பக்கத்துல நின்னு ஒருத்தர் தமிழ்ல சொல்லச் சொல்லத்தான் புரிஞ்சுதாம். ஆனா அவங்க மனசுல நின்னது பேச்சு இல்ல தம்பி, அதுவரைக்கும் கூலின்னே கூப்பிட்டுப் பழகுன ஆளுங்களை ஒருத்தர் சிப்பாய்னு கூப்பிட்டார், அதுதான். போஸ் இங்க வந்தது 1943 ஜூலை, அதுக்கு முன்னாடி காங்கிரஸ் தலைவரா இருந்தவர், கட்சிக்குள்ள சண்டை போட்டு வெளிய வந்தவர், அதாவது நீங்க சொல்ற மாதிரி அரசியல் பண்ணிட்டு இருந்த மனுசர்தான். எஸ்டேட் சனங்களுக்கு அந்தக் கதையெல்லாம் தேவைப்படல. நிமிர்ந்து நிக்க ஒரு காரணம் தேவைப்பட்டுச்சு, அதை அவர் கொடுத்தார். மெட்ராஸ்ல இருந்து 1940ல இங்க வந்து வைத்தியம் பார்த்துட்டு இருந்த டாக்டர் லட்சுமி, ஐஎன்ஏவோட பொண்ணுங்க படையான ஜான்சி ராணி படைக்கு கேப்டன் ஆனாங்க. கோலாலம்பூர்ல வசதியான வீட்டுப் பொண்ணு ஜானகி, பதினெட்டு வயசு, தோட்டைக் கழட்டிக் கொடுத்துட்டுப் படையில சேர்ந்தாங்க. வாட்டர்லூ ஸ்திரீட் முகாம்ல பொண்ணுங்க துப்பாக்கி பிடிச்சுப் பயிற்சி எடுத்தாங்கன்னா, அந்தக் காலத்துல நம்ம வீடுகள்ல அது எப்பேர்ப்பட்ட விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா இந்தியாவுல அப்போ இதெல்லாம் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, பத்திரிகைத் தணிக்கை அவ்ளோ கடுமை. தெரிய வெச்சது யாருன்னா பிரிட்டிஷ்காரங்களேதான். 1945 நவம்பர்ல ஷா நவாஸ் கான், சாகல், தில்லான்னு மூணு ஐஎன்ஏ ஆபீசர்களை டெல்லி செங்கோட்டையில நிறுத்தி ராஜத்துரோகம்னு விசாரிச்சாங்க. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர், ஒரே கூண்டுல. அந்த ஆட்டத்துல இதைவிடப் பெரிய தப்பு இருக்க முடியாது. வக்கீல் வேலையை எப்பவோ விட்டிருந்த நேரு மறுபடி கவுன் மாட்டிக்கிட்டு வந்தார், நாடு முழுக்கக் கொந்தளிச்சுது, ஆயுள் முழுக்க நாடு கடத்தல்னு தீர்ப்பு சொன்னவங்க 1946 ஜனவரி தொடக்கத்துல அதை ரத்து பண்ணி மூணு பேரையும் விட்டுட்டாங்க. ஒருத்தரை வீரரா ஆக்குறதுல அவரோட சனங்களுக்கு எவ்ளோ பங்கோ, தண்டிக்கிற கைக்கும் அவ்ளோ பங்கு இருக்குன்னு நான் நெனைக்கிறேன். நீங்க பார்த்த கல்லையே எடுத்துக்கோங்க, போஸ் 1945 ஜூலையில அடிக்கல் வெச்ச நினைவுச்சின்னத்தை, வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் முதல் வேலையா இடிச்சான். இடிச்சதாலயே அந்த இடம் மறக்காம நின்னுது, 1995ல அங்க மறுபடி அடையாளக் கல் வெச்சாங்க.

அதே 1946 ஜனவரியில, அதே பிரிட்டிஷ் அரசாங்கம்தான், லிம் போ செங்கை மெக்ரிச்சி நீர்த்தேக்கம் பக்கத்துல முழு ராணுவ மரியாதையோட அடக்கம் பண்ணுச்சு. அவரும் போருக்கு முன்னாடி வியாபாரம் பார்த்துக்கிட்டே ஜப்பான் சாமான் புறக்கணிப்பு நடத்துனவர், சீனாவுக்கு நிதி திரட்டுனவர். பிடிபட்டு, சித்திரவதையிலயும் யாரையும் காட்டிக் கொடுக்காம, 1944 ஜூன்ல மலாயாவுல பத்து காஜாங்கற ஊர் ஜெயில்ல செத்தார், வயசு 35. 1942ல ஜப்பான்காரன் சூக் சிங்னு சீன ஆம்பளைங்களை ஆயிரக்கணக்குல கூட்டிட்டுப் போய்ச் சுட்ட ஊர் இது, அந்த வீட்டுக்காரங்களுக்கு ஜப்பான் கொடி நட்புக் கொடியா எப்படித் தெரியும்? ரெண்டு பேரோட தியாகமும் உண்மை, யார் வீட்டுல யார் செத்தாங்கன்றதுதான் வேற.

இதுல எனக்கு ஆறாத ஒண்ணு இருக்கு. சுதந்திர இந்திய அரசுன்னு போஸ் கேத்தே கட்டடத்துல அறிவிச்சது 1943 அக்டோபர் 21. அதே மாசத்துலதான் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல போட்ட சயாம் ரயில் பாதையோட ரெண்டு முனையும் ஒண்ணா சேர்ந்துச்சு. அந்தப் பாதையில செத்த பல்லாயிரம் பேர்ல நம்ம எஸ்டேட் தமிழ் ஆளுங்க எக்கச்சக்கம், கூட்டிட்டுப் போனது அதே ஜப்பான்காரன். சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவான்னு பயந்தே படையில சேர்ந்தவங்க உண்டுன்னு பாட்டி சொல்வாங்க. அவங்க அண்ணன் சேரல, சயாமுக்குப் போனார், வரல. நேதாஜி மேல எனக்கு இருக்கற மரியாதை நெஜம், அதுக்காக இதைச் சொல்லாம விட முடியாது. அவரு யாரோட கைகோத்தாரோ அவன் காலடியில நம்ம சனம் செத்துச்சு, அவங்களைப் பத்திப் பேசுறவங்க ரொம்பக் குறைவு.

பாப்பாகிட்ட இவர் ஹீரோ, அவர் இல்லன்னு சொல்லாதீங்க தம்பி. மறுபடி கூட்டிட்டுப் போங்க, சிட்டி ஹால் எம்ஆர்டில இறங்குனா நடந்துடலாம். லிம் போ செங் நினைவுச்சின்னத்துல அவர் வாழ்க்கையைத் தமிழ்லயும் எழுதி வெச்சிருக்காங்க, அதை அவளையே சத்தமா படிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஐஎன்ஏ கல்லுக்கிட்ட உக்காந்து உங்க தாத்தா வீட்டுப் படத்தைப் பத்திச் சொல்லுங்க, முடிஞ்சா எங்க பாட்டியோட அண்ணனைப் பத்தியும்.

அன்புடன்,
அக்கா