இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: என் வயது 36, ஊர் கோவை. இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்து அரிக்கும். போன வருடம் இறால் தொக்கு ஒரு வாய் சாப்பிட்டதற்கே உதடு வீங்கி, தொண்டை அடைத்து, இழுப்பு வந்துவிட்டது. டிசம்பரில் குடும்பத்தோடு பாங்காக் போகிறோம், நடுவில் ஒரு நாள் அயுத்தயா. கோயில்களைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கடையில் சாப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. இறாலைப் பொறுக்கி வைத்துவிட்டு, கையில் செட்ரிசின் வைத்துக்கொண்டால் போதுமா டாக்டர்?

பதில்: போதாது. தொண்டை அடைப்பும் இழுப்பும் வந்துவிட்டது என்றால் அது வெறும் அரிப்பு இல்லை, அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. செட்ரிசின் அரிப்பை அடக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. கிளம்புவதற்கு முன் அலர்ஜி மருத்துவரைப் பாருங்கள். பேனா வடிவ ஊசி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஆம்ப்யூலும் (சின்ன மருந்துக் குப்பி) சிரிஞ்சும். எவ்வளவு போடுவது என்று அவரிடமே எழுதி வாங்கி, தொடையின் வெளிப்பக்கத்தில் போடுவதற்கு நீங்களும் மனைவியும் பழகிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டோடு அது உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும், ஹோட்டல் அறையில் அல்ல.

இனி சாப்பாடு. அயுத்தயா மூன்று ஆறுகள் வளைத்துக் கிடக்கிற ஊர், ஆற்று இறால்தான் அங்கே பெருமை. நீளவாக்கில் பிளந்து கரியில் சுடுவார்கள், தலையில் ஆரஞ்சு நிறக் கொழுப்பு கொதித்துக்கொண்டிருக்கும். இந்தக் கடைகளை நினைத்து நான் அவ்வளவு பயப்படவில்லை, ஏனென்றால் இறால் கண்ணுக்குத் தெரிகிறது, விலகிப் போய்விடலாம் (சமைக்கும் ஆவியே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அடுப்புப் பக்கம் உட்கார வேண்டாம்). எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாத இறாலை நினைத்துத்தான். பப்பாளிக்காய் சாலட் கடையில், சோம் தம் என்பார்கள், கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்: நம் சென்னாக்கூனி போலக் காய்ந்த சின்ன இறாலை ஒரு பிடி உரலில் போட்டு, மிளகாய், எலுமிச்சையோடு இடிப்பார் அந்த அம்மா, அடுத்த ஆளுக்கும் அதே உரல், அதே உலக்கை. உங்களுக்கு மட்டும் இறால் போடாமல் இடித்துக் கொடுத்தாலும் உரல் பழைய உரல்தானே. பாட் தாய் என்கிற வறுத்த நூடுல்ஸிலும் காய்ந்த இறால் சேரும். பச்சைக் கறி, சிவப்புக் கறி மசாலாவில் கபி என்ற இறால் விழுது அரைபட்டிருக்கும். தோம் யாம் சூப்பைக் கோழியில் கேட்டால்கூட அதில் கரைக்கிற மிளகாய் விழுதில் பெரும்பாலும் இறால் உண்டு. வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் இறாலின் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் அழியாது, அதனால் பொறுக்கி எடுப்பதில் ஒரு பலனும் இல்லை. சந்தையில் வறுத்த வெட்டுக்கிளி விற்பார்கள், விளையாட்டுக்குக்கூட வாயில் போடாதீர்கள், பூச்சிகளிலும் அதே வகைப் புரதம்தான்.

மீன் இதுவரை ஒத்துக்கொண்டிருந்தால் மீன் சாஸுக்குப் பயப்பட வேண்டாம். சிப்பி சாஸை, அது ஒத்துக்கொள்ளுமா என்று அலர்ஜி மருத்துவரின் பரிசோதனை முடியும்வரை தள்ளி வையுங்கள்.

அப்புறம் என்னதான் சாப்பிடுவது? மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது 'ஜே' கடை, மீன் சாஸ்கூட இல்லாத முழுச் சைவம், எனக்கு அதுதான் முதல் தேர்வு. படகு நூடுல்ஸ் சின்னச் சின்னக் கிண்ணத்தில் வரும், பன்றி அல்லது மாட்டுக் குழம்பு, பல கடைகளில் ரத்தமும் கலப்பார்கள். உங்களுக்கு அது பரவாயில்லை என்றால் இறால் சேர்கிறதா என்று கேட்டுச் சாப்பிடலாம். 'எனக்கு இறால் அலர்ஜி, காய்ந்த இறாலும் கபியும் கூடாது, வாணலியைக் கழுவித் தாருங்கள்' என்று தாய் மொழியில் அட்டையில் எழுதி வாங்கிக் காட்டுங்கள். கடைக்காரர் தயங்கினால் எழுந்துவிடுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆளைவிட அட்டை தெளிவாகப் பேசும். வெயிலில் சைக்கிள் மிதித்துவிட்டு பீரும் குடித்தால் அலர்ஜி கூடுதலாகத் தாக்கும், அன்றைக்கு பீர் வேண்டாம்.

மீறி உதடு தடித்து மூச்சு இழுத்தால் உடனே ஊசி, பிறகு தாய்லாந்து ஆம்புலன்ஸ் எண் 1669. காலை உயர்த்திப் படுங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்காருங்கள், எழுந்து நடக்கக் கூடாது. சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் மருத்துவமனை போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

அயுத்தயா அரசு மருத்துவமனை எதிரில் வரிசையாக ரோட்டி சாய் மாய் கடைகள், முஸ்லிம் குடும்பங்கள் செய்வது, மெல்லிய ரொட்டியில் சோன்பப்டி போன்ற சர்க்கரை இழையைச் சுருட்டித் தருவார்கள். அதில் இறால் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக எழுதவில்லை, அதனால் இரண்டாவது பொட்டலத்துக்கும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.